முன்கூடத்தில் ஒரு களி உருண்டை

அன்று மதியம் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், சென்றாயன். என் மனைவி நாராயணம்மா. மகன் பிரேம்குமார், மகள் கவிப்ரியா. கவிப்ரியாவைப் பெண் கேட்டுக் காவேரிப்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஆஞ்சப்பன், அவருடைய அக்கா சரோஜம்மாள், அவர் மகன் மாப்பிள்ளைப் பையன் பாலாஜி. எட்டாவது ஆள் யாரும் இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. போட்டவன் நான். முன்கூடத்துக்குக் களி வரக்கூடாது. என் தகப்பனார் பாகலூரில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். கூலியைக் கேழ்வரகாக அளந்து கொடுப்பார்கள். நிலத்துக்காரர் வீட்டுக்குள் அரிசிச் சோறு. எங்களுக்கு வாசலுக்கு வெளியே, நீட்டிய கையில் களி. ஓசூரில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை நிரந்தரமான மாதம், இனி இந்த வீட்டில் மூன்று வேளையும் சோறுதான் என்று சொன்னேன். முப்பத்தோரு வருஷம் யாரும் அதை மீறவில்லை.

நான்கு மாதத்துக்கு முன் வலது கால் கட்டைவிரலில் செருப்பு கடித்தது. புண் ஆறவில்லை. ஓசூரில் டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துவிட்டு, சர்க்கரை பல வருஷமாகவே இருந்திருக்கிறது என்றார். தட்டில் பாதி காயும் கீரையும், கொஞ்சம் பருப்பு, மிச்ச இடத்தில் ஒரே ஒரு களி உருண்டை. வெள்ளைச் சோற்றைக் குவித்துக்கொண்டு உட்காரக்கூடாது. இதுதான் கட்டளை.

அன்றிலிருந்து பின்கட்டில், அரிசி மூட்டை அடுக்கும் அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு களி சாப்பிட்டேன். ஜன்னல் இல்லாத அறை. வாசலில் மணி அடித்தால் பாதியில் கையைக் கழுவி, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவேன். சர்க்கரை என்று சொன்னால் பெண்ணுக்கு வரும் வரன் யோசிக்கும். களி என்று சொன்னால் குடும்பம் பழைய இடத்துக்கே போய்விட்டது என்பார்கள்.

புண் வாய் மூடத் தொடங்கியது. அதற்குள் உறவில் அடுத்தடுத்து நான்கு விசேஷங்கள். எல்லா இடத்திலும் மானத்துக்காகச் சோறு சாப்பிட்டேன். புண் மறுபடி நீர் கோத்தது. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

கட்டு தெரியக்கூடாது என்று அன்று காலுறை போட்டிருந்தேன். வந்ததுமே சரோஜம்மாள் பார்த்துவிட்டார்.

"வூட்டுக்குள்ள எதுக்கு தம்பி சாக்ஸு?"

"ஓசூர் குளிரும்மா."

"வெயிலு மண்டையப் பொளக்குது, குளிருங்கறீங்க."

இலை போட்டோம். விருந்தாளிகளோடு வீட்டுப் பெரியவன் முதல் இலையில் உட்கார வேண்டும். அவன் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அவன் எழுந்த பிறகுதான் எழுவார்கள். எனக்கு முதுகில் சுவர். இடது பக்கம் ஆஞ்சப்பன். எதிரே சரோஜம்மாள். பிரேம்குமார் என் இலையில் சோற்றைக் குவித்தான். குழம்பு ஊற்றினான். எல்லாருடைய கையும் என் கைக்காகக் காத்திருந்தது. என் கை மடியிலேயே கிடந்தது.

"இன்னா சம்பந்தி, நல்ல நேரம் பாக்கறீங்களா?" என்றார் ஆஞ்சப்பன். "எங்க வவுறு பஞ்சாங்கம் பாக்காதுங்க."

"ப்பா, கை வைங்க," என்றான் பிரேம்குமார், உதடு அசையாமல்.

ஒரு வாய் சாப்பிட்டால் இன்றைக்குத் தப்பலாம். பிறகு நிச்சயம், தாம்பூலம், மறுவீடு. ஒவ்வொன்றிலும் இதே இலை.

"நாராயணம்மா, என் களிய இங்க எடுத்தா."

அவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். "ஏங்க... செத்த உள்ளாற வந்து..."

"இங்க எடுத்தா."

"களியா?" என்றார் சரோஜம்மாள். "எங்களுக்குச் சோத்தப் போட்டுட்டு நீங்க களி துன்றதா? எதுனா வேண்டுதலா தம்பி?"

நல்ல வழி அது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் மரியாதையாக முடிந்திருக்கும். ஆனால் பொய்யை ஆயுசுக்கும் காப்பாற்ற வேண்டும். இன்னொரு தாழிட்ட அறை.

"வேண்டுதல் இல்லம்மா. எனக்குச் சக்கர. கால்ல புண்ணு. சோத்தக் கொறைக்கலன்னா வெரல எடுக்கணுமாம்."

 ஆஞ்சப்பன் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரேம்குமார் என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப பொண்ணுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துர்லாம்," என்றார் சரோஜம்மாள். "தப்பா நெனைக்காதீங்க."

சமையலறை வாசலில் நின்ற கவிப்ரியா சொன்னாள்: "எடுத்துக்கறேன் அத்தை. அவரும் எடுக்கட்டும். ஒரே லேப்லயே குடுத்துர்லாம்."

பெரியவர்கள் முன் பெண் இப்படிப் பேசுவதை நான் அனுமதித்தவன் இல்லை. அன்று தடுக்கவில்லை.

பாலாஜி சிரித்துவிட்டான். "மாட்டிக்கிட்டியா அத்த? எடுக்கறேங்க, எடுக்கறேன்."

சோற்று இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டார்கள். ஒரு களி உருண்டை, அவரைக்கொட்டைக் குழம்பு, கடைந்த கீரை. முதுகை வளைக்காமல் சாப்பிட்டேன். ருசி தெரிந்தது என்று சொல்லமாட்டேன். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருக்கக் களி தொண்டையில் இறங்குவது சுலபமில்லை. ஆனால் இலையில் மிச்சம் வைக்கவில்லை. நான் எழுந்த பிறகுதான் அவர்களும் எழுந்தார்கள்.

"பேசிட்டுச் சொல்றோங்க," என்று ஆஞ்சப்பன் கும்பிட்டுவிட்டுப் போனார். பத்து நாள் பதில் இல்லை. அந்தப் பத்து நாளும் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் முன்கூடத்தில்தான் சாப்பிட்டேன்.

பதினோராம் நாள் இரண்டு ரிப்போர்ட்டும் வந்தன. கவிப்ரியாவுக்கு ஒரு குறையும் இல்லை. பையனுடையதில் இருந்ததை எழுதமாட்டேன். அது அவர்கள் வீட்டு மானம். கல்யாணம் தை மாதம்.

சென்றாயன் வீட்டில் அன்று சோறு பற்றவில்லை, அதனால்தான் பெரியவருக்குக் களி போட்டுச் சமாளித்தார்கள் என்று பாகலூரில் எங்கள் பங்காளிகள் சொல்லித் திரிகிறார்கள். அது பொய். சோறு மீந்தது. களியை நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.