வண்டிக்கு எவ்வளவு உயரம்

மலையடிவாரத்து லாவாஸ் டவுனில் சீன முதலாளி லியூ தவ்கேயின் வண்டிப் பட்டறைக்கு வருகிறவர்கள் இரண்டே வகை. வண்டி ஓடவில்லை என்று வருகிறவர்கள் ஒரு வகை. நன்றாக ஓடுகிற வண்டியைத் தூக்கி உயர்த்திக் கொடு என்று வருகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையைக் கண்டாலே தவ்கேக்கு ஆகாது. ஆனால் கல்லாப்பெட்டியை நிரப்புவது அவர்கள்தான் என்பதால் வாய் நிறையச் சிரிப்பார்.

பாதான் வந்தது இரண்டாம் வகையில். மேலே மலையூர் பா கெலாலானிலிருந்து மரக்கம்பெனி போட்ட மண்பாதை வழியாக ஆள் ஏற்றி இறக்குகிற பிக்கப் அவனுடையது. உள்ளே நாலு பேர், பின்னால் அரிசி மூட்டை, மூட்டைக்கு மேல் மறுபடியும் ஆள். மழை விழுந்தால் அந்தப் பாதை அரைத்து வைத்த மாவு. கூடவே மனைவி சினாங்கும் வந்திருந்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

"ஆறு அங்குலம் ஏத்திடுங்க தவ்கே," என்றான் பாதான்.

ஆறு அங்குலம் எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால், சினாங்குக்குப் பேறுகாலத்துக்கு இன்னும் நாள் இருக்கும்போதே வலி எடுத்து, கீழே ஆஸ்பத்திரிக்கு இறங்குகிற வழியில் வண்டி சேற்றில் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. குழந்தை வண்டியிலேயே பிறந்தது. தங்கவில்லை. 'வண்டி தாழ்வு, அதான் இப்படி ஆச்சு' என்று பாதான் சொன்னான். சர்ச்சில் போதகரும் அதைச் சொல்லித்தான் ஜெபம் பண்ணினார். ஊரே ஆமென் போட்டது. சினாங் மட்டும் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

தவ்கே கையைத் துடைத்துக்கொண்டு, பட்டறை மூலையில் யானை மாதிரி நின்ற ஒரு சிவப்பு வண்டியைக் காட்டினார். பாதானின் பெரியப்பா மகன் தகாலின் வண்டி அது. ஜாயிண்ட் மாற்ற வந்திருந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய் வெகுநாளாயிற்று. தம்பி பேசி வைத்திருந்த கல்யாண சவாரியை அண்ணன் தட்டிக்கொண்டு போனான் என்று ஆரம்பித்த வழக்கு.

"அடியில குனிஞ்சு பாரு," என்றார் தவ்கே.

பாதான் குனியவில்லை. தவ்கேயே டார்ச் அடித்துக் காட்டினார்.

"பின்னால ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல பாத்தியா, கட்டை மேல கட்டை. நான் வச்சதில்ல, சத்தியமா. நான் மாட்டேன்னு சொன்னதும் வேற எவன்கிட்டயோ போய் வச்சுக்கிட்டான். பிரேக் டியூப்பைப் பாரு, கொடிக்கயிறு மாதிரி விறைச்சு நிக்குது. இன்னொரு பள்ளத்துல எறங்கினா அறுந்துரும். அப்புறம் எறக்கத்துல கடவுள்தான் பிரேக் போடணும்."

"ஆனா சேத்துல நிக்காம போகுதுல்ல?"

"போகும், யார் இல்லேன்னா? கவுர்ற வரைக்கும் போகும்." தவ்கேயின் சிரிப்பு மறைந்துவிட்டது. "நீ மேல பத்து மூட்டை ஏத்துவ. மூட்டை மேல கெழவனையும் ஏத்துவ. பாரம் பூரா உச்சந்தலைல. சரிவுல ஒரு பக்கம் மண்ணு இறங்கினா எப்படிடா நிக்கும்? ரெண்டு அங்குலம் ஏத்தித் தரேன். ஸ்பிரிங் புதுசு, அதுக்கேத்த ஷாக், டியூப்பும் மாத்திடுறேன், சக்கரத்தை நேர் பண்ணித் தரேன். அதுக்கு மேல ஒரு நூலு கேட்டாலும் வேற கடை பாரு."

"மறுபடி உக்காந்துட்டா?"

"உக்காந்தா இழுக்க ஆள் வராமலா போயிடுவான்?"

"ஒருத்தன் கையையும் எதிர்பாக்காத உசரம் வேணும் எனக்கு," என்றான் பாதான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அந்த சைஸ் நம்ம கடைல கிடையாதுப்பா."

பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள். இதற்குள் சினாங் மெல்ல நடந்து போய்த் தகாலின் வண்டிக் கதவைத் திறந்தாள். ஒரு காலைத் தூக்கினாள். வயிறு இடித்தது. மறு காலைத் தூக்கிப் பார்த்தாள். அதுவும் எட்டவில்லை.

"இந்த உசரத்துல என்னை எப்படி ஏத்துவ? மரக்கம்பெனில கிரேன் கேட்டு வச்சிருக்கியா?"

தவ்கே உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாதானுக்குக் காது சிவந்தது. மனசார ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் இரண்டு அங்குலம் என்று முடிந்தது.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. சவாரி வண்டிக்காரர்கள் இலைச்சோறு தின்ன நிற்கிற கடையில், மற்ற வண்டிகளைவிடக் குட்டையான அவன் வண்டியைப் பார்த்து, "வந்துட்டான்டா வாத்து" என்பார்கள். "டேய், முட்டை கிட்டை போட்டுச்சா?" என்று டயருக்கு அடியில் குனிந்து பார்ப்பான் ஒருவன். சரிவில் வண்டி முன்பைவிட நிதானமாக நின்றது பாதானுக்கே தெரிந்தது. ஆனால் அதை எவனிடம் போய்ச் சொல்வது?

பிரசவத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதே கீழே இறங்கிவிடச் சொன்னாள் கிளினிக் நர்ஸ். சொன்ன நாளிலேயே கிளம்பினார்கள். முந்தின நாள் பெய்த மழை அன்றும் விட்டபாடில்லை. மேட்டிலும் பள்ளத்திலும் வண்டி சொன்னபடி கேட்டது. பழைய மரப்பாலம் தாண்டி, அந்தப் பாழாய்ப்போன இடம் வந்தது. லாரிகள் உழுது போட்டிருந்த தடம் முழங்கால் ஆழம். பாதான் மெதுவாகத்தான் இறக்கினான். பாதித் தூரம் போனதும் அடிவயிறு மண்ணில் தட்ட, வண்டி உட்கார்ந்துவிட்டது.

அவன் ஸ்டீயரிங்கை ஓங்கிக் குத்தினான். "ஆறு அங்குலம் கேட்டேன்! நீயும் அந்தச் சீனனும் சேர்ந்து..." என்று ஆரம்பித்தவன், சினாங்கின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"காலைல இருந்து இடுப்பு வலிக்குது," என்றாள்.

"ஐயோ! அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா வண்டிய வெரட்டுவ."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குதித்தான். ஒரு கை மண்ணை அள்ளினால் இரண்டு கை சேறு வந்து நிரப்பியது. அப்போது பின்னால் ஒரு எஞ்சின் சத்தம். தகாலின் சிவப்பு வண்டி.

அந்தப் பாதையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. முன்னால் ஒரு வண்டி சிக்கிக் கிடந்தால், பின்னால் வருகிறவன் பரம எதிரியானாலும் தாண்டிப் போகமாட்டான். கயிற்றை வீசுவான். ஆனால் வீசுவதோடு சரி. கொக்கியை மாட்டவேண்டியது சிக்கியவன் கை. அவன் வண்டி, அவன் சம்மதம். கேட்காமல் மாட்டுவது அடுத்தவன் வீட்டுக்குள் தட்டாமல் நுழைகிற மாதிரி.

தகால் மரத்திலிருந்து இறங்குகிறவன்போலத் தன் வண்டியிலிருந்து இறங்கினான். கயிற்றை வீசினான். கொக்கி பாதானின் காலடியில் சேற்றில் விழுந்தது. தகால் தன் வண்டியருகே போய் நின்றுகொண்டான்.

பாதான் கயிற்றைப் பார்க்காமல் தோண்டினான். "இன்னும் நாலு கை மண்ணெடுத்தா வந்துரும்," என்றான் யாரிடமோ.

கதவு திறந்தது. யார் துணையுமில்லாமல் சினாங் காலை ஊன்றி இறங்கினாள். இறங்குகிற உயரத்தில்தான் இருந்தது வண்டி. வலியில் கதவைப் பிடித்துக்கொண்டு, கொக்கி கிடந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"அன்னைக்கும் இதையேதான் சொன்ன. நாலு கை மண்ணு."

"சினாங், உள்ள போய் உக்காரு."

"வண்டி தாழ்வுன்னு ஊர் பூரா சொன்ன. சர்ச்சுல சொன்ன. நான் வாயைத் தொறந்தேனா?" அவள் குரல் உயரவேயில்லை. "அன்னைக்கும் உங்கண்ணன் வீசின இதே கயிறு இங்கதான் கெடந்துச்சு, பாதான். நீ குனியல. பொழுது சாயற வரைக்கும் நீ குனியல."

மழை பெய்துகொண்டிருந்தது. தகால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நானே எடுத்து மாட்டிருவேன்," என்றாள் சினாங். "இந்த வயித்தை வச்சுக்கிட்டு என்னால குனிய முடியல."

பாதான் மண்வெட்டியைப் போட்டான். குனிந்தான். குனிந்தது போதாமல் இரண்டு முழங்காலும் சேற்றில் பதிய உட்கார்ந்து கொக்கியை எடுத்தான். சேறு வழுக்கியதில் அது வண்டியின் வளையத்தில் விழ மறுத்தது. இரண்டு தடவை நழுவி, மூன்றாம் தடவை மாட்டியது. அப்படியே உட்கார்ந்தபடி தலையைத் தூக்கினான். அழுதிருந்தான், மழையில் அது மறையவில்லை.

"இழுக்கட்டாடா?" என்றான் தகால்.

"இழு, அண்ணே."

அந்தச் சேற்றைத் தாண்டியபின், சரிவுகளில் தகாலின் உயரமான வண்டி பயந்து பயந்து ஊர்ந்தது. வாத்து முன்னால் போனது. ஆனாலும் ஒவ்வொரு சேற்றுக்கு முன்னாலும் பாதான் நிறுத்தி, அண்ணன் வருகிறானா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கினான்.

அன்று சாயங்காலம் லாவாஸ் ஆஸ்பத்திரியில், கழுத்துவரை சேறாக இரண்டு பேர் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சு அழுக்காகிறது என்று ஆயா திட்டிவிட்டுப் போனாள். உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. இரண்டு பேரும் சேர்ந்து எழுந்தார்கள்.