கிளாசுக்குள் இறங்கிய வெள்ளை நூல்

தக்காளிச் செடிகள் பச்சை நிறம் மாறாமலே செத்துப் போயிருந்தன.

காலையில் நிமிர்ந்து நின்றவைதான். மத்தியானம் உடுப்புக் காயப்போட மெற்றில்டா மொட்டைமாடிக்கு ஏறினால், பன்னிரண்டும் தலை தொங்கிக் கிடந்தன. இலையில் ஒரு புள்ளி இல்லை, ஒரு புழு இல்லை. ஒரு தண்டை அறுத்துத் தண்ணீர் கிளாசுக்குள் தொங்கவிட்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

அறுபட்ட நுனியிலிருந்து வெள்ளை நூல் ஒன்று இறங்கியது. பாலில் பிறந்த புகை மாதிரி, அவசரமே இல்லாமல். நூலுக்குப் பின்னால் துறைமுகத்து கிரேன்கள் தலைகீழாக நீந்தின.

"ஆளைப் பிடிச்சிட்டன்," என்றாள் மெல்ல.

வாடல் கிருமி. மண்ணுக்குள் ஒளிந்திருந்து, வேர் வழியாக ஏறி, செடி தண்ணீர் குடிக்கும் குழாயை அடைத்துவிடும் கொலைகாரன். இது இரண்டாவது தடவை.

குடியிருப்புக் கமிட்டித் தலைவன் மெல்ரோய் அன்று பின்னேரமே படியேறி வந்தான்.

"அன்ட்டி, கோவிக்காதீங்க. இன்னும் ஒரு சான்ஸ்தான். அதுவும் செத்துதெண்டா மாடிய போன் டவர்காரனுக்குக் குடுத்திருவம்."

மெற்றில்டாவின் வீட்டு ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கொட்டாஞ்சேனையில் அவளுக்கென்று இருந்த வானம் இந்த மாடி மட்டும்தான். தலையாட்டினாள்.

வழி சொன்னவன் மரக்கறிக் கடை ராசிக்.

"மண்ணுல அவன் மட்டும் இரிக்கப் போய்தான் இந்த ஆட்டம், அக்கா. குப்பைய மக்க வெச்சிப் போடுங்க. கோடிக் கணக்குல நல்ல கிருமி வந்து குந்திக்கிடும். அவனுக்குத் திங்கவும் கிடைக்காது, நிக்கவும் இடமில்ல."

"மெய்யாவா?"

"விவசாய ஒபீஸ் ஐயாவே சொன்னது. நான் சும்மா கோவா இலைய வீசுறவன்தானே, நீங்க எடுங்க."

செத்த செடிகளை மூட்டையாகக் கட்டித் தூரப் போட்டாள். ராசிக்கின் கோவா இலை, வாழைத்தண்டு, தேங்காய்த் தும்புத் தூள், மாதா கெபியில் வாடிய பூமாலை எல்லாம் மாடி மூலையில் குவியலாயின. மூன்றாம் நாள் கையை உள்ளே விட்டாள். சுட்டது! மழை விட்ட காலைகளில் குவியலிலிருந்து ஆவி எழுந்து அவள் முகத்தைத் தடவிப் போகும். ஏதோ பெரிய மிருகம் மாடியில் படுத்து உறங்குவதாகவும், அதன் முதுகில் சாய்ந்துகொண்டு தான் கடலுக்கு மேலே மிதப்பதாகவும் அவளுக்குத் தோன்றும். கிளறினாள், மூடினாள், மறுபடி கிளறினாள். மூன்று மாதத்தில் சூடு தணிந்தது. கையில் அள்ளினால் முதல் மழையின் வாசம்.

பழைய மண்ணோடு அதைக் கலந்து பன்னிரண்டு பெட்டிகளில் நிரப்பினாள். ஒரு வாரம் ஆறவிட்டு நாற்று நட்டாள்.

நான்காவது வாரம். உச்சி வெயில்.

இடது வரிசை ஆறும் தலை தொங்கிக் கிடந்தன.

வலது வரிசை ஆறும் நிமிர்ந்து நின்றன.

அதே நாற்று, அதே மண், அதே தண்ணீர். மெற்றில்டா இரண்டு கிளாஸ் எடுத்தாள். இடதில் ஒரு தண்டு, வலதில் ஒரு கிளை. இடது கிளாசில் வெள்ளை நூல் இறங்கியது. வலது கிளாசில் தண்ணீர் தெளிவாக இருந்தது.

பின்னால் செருமல் சத்தம். புருஷன் ஒஸ்வால்ட். முப்பது வருஷம் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக ஏறி, சரக்குக்கு மருந்துப் புகை போட்ட மனிதன்.

"மெற்றில்... நீர் பூசைக்குப் போன நேரம் நான் மேல வந்தனான்."

"வந்து?"

"நாத்து நடுறதுக்கு முன்னம். பெட்டியளுக்கு ப்ளீச் ஊத்தினனான். கிருமியெண்டா கொல்லத்தானே வேணும்? ஆறு பெட்டியோட போத்தல் முடிஞ்சிட்டுது."

"ஐயோ மனுசன்! மூண்டு மாசமா நான் வளத்த காவல்காரர் எல்லாரையும் சாகடிச்சுப் போட்டீங்களே! ஒளிச்சிருந்த கள்ளன் மிஞ்சினான், வெறும் வீட்டுக்குள்ள ராசா மாதிரி திரும்ப வந்திட்டான்!"

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். திட்ட வாயெடுத்தவளுக்கு அந்த வழுக்கைத் தலையைப் பார்க்கச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள். படியில் காலடிச் சத்தம் கேட்டது.

மெல்ரோய் வந்ததும் இடது வரிசையைத்தான் பார்த்தான். "அன்ட்டி, நான் அப்பவே சொன்ன..."

"நில்லும் தம்பி." ஒஸ்வால்ட் குறுக்கே வந்தார். இரண்டு கிளாசையும் தூக்கி அவன் கண்ணுக்கு நேரே பிடித்தார். "செத்த ஆறும் நான் மருந்தடிச்சது. நிக்கிற ஆறும் இவ வளத்தது. டவர் வைக்கிறதெண்டா என்ர தலையில வையும்."

மெல்ரோய் நூலைப் பார்த்தான். தெளிந்த தண்ணீரைப் பார்த்தான். குனிந்து வலது வரிசையின் இலையொன்றை விலக்கினான். உள்ளே மஞ்சளாக ஒரு பூ.

"பழம் எப்ப வரும், அன்ட்டி?"

"நத்தார்ப் பண்டிகைக்கு."

"அப்ப கமிட்டிக்கு ஒரு கூடை," என்றவன் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனான்.

ஒஸ்வால்ட் போகவில்லை. மூலையில் புதிதாகப் போட்டிருந்த குவியலுக்குப் பக்கத்தில் குந்தினார். தயங்கித் தயங்கிக் கையை உள்ளே விட்டார். கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"மெற்றில், இது சுடுது."

"ஓம். கைய எடுக்காதீங்க."

அவர் எடுக்கவில்லை.