சூரியன் கொந்தளித்த அன்று கந்தப்பன் வழி கேட்டது

1972ஆம் ஆண்டு ஆகஸ்டில் சூரியன் கொந்தளித்த அன்று, கொழிஞ்சாம்பாறையிலிருந்து தேங்காய் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி மண்டிக்குப் புறப்பட்ட கந்தப்பனின் மாட்டுவண்டி, உச்சிவேளைக்குக் குமுளிக்குப் பக்கத்து ஆனைக்கரையில், ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளிகள் குடியிருக்கும் ஒரு லயத்தின் வாசலில் போய் நின்றது. நடுவில் முழு ஆனைமலையும் இருந்தது. அதை வண்டி எப்படிக் கடந்தது என்று கந்தப்பனுக்குத் தெரியாது, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். பழகின தடத்தை மாட்டிடம் விட்டுவிட்டுச் சரக்கின்மேல் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். மாடு நின்றால் மண்டி வந்துவிட்டது என்று அர்த்தம்.

அன்று தடம் மாறியது அவர் வண்டி மட்டுமல்ல. சூரியன் வாரி இறைத்த துகள்கள் மோதி, உயரத்தில் இருக்கும் மின்னேறிய காற்றடுக்கு கலங்கிப்போயிற்று. செயற்கைக்கோள் அனுப்பும் சமிக்ஞைகள் அதைத் தாண்டி இறங்குவதற்குள் வளைந்தும் தாமதித்தும் போயின. அப்படி வானத்தைக் கேட்டு வழி தெரிந்துகொள்ளும் கப்பல் ஒன்று, கொச்சிக்கு வெளியே கடலில் மிதந்தபடியே, தான் மூணாறில் இருப்பதாகக் கணக்குச் சொன்னது. கேப்டன் நிதானமான மனிதர், நங்கூரத்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். ஆனைக்கரையில் வேலைக்குக் கிளம்பிய ஆட்கள் தங்கள் அடுப்படிக்கே திரும்ப வந்து சேர்ந்தார்கள். மாடுகளும் அதே வானத்தின் கீழேதான் நடக்கின்றன.

வண்டி நின்ற வீடு கந்தப்பனின் மகன் சென்னிமலையுடையது. தோட்டத்து ஸ்டோரில் வேலைக்கு வந்தவன், ஏலக்காய் பறிக்கும் சந்தனமேரியோடு மாதா கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கே கந்தப்பன், அவள் நிழல்கூடத் தன் வண்டியில் படாது என்று கடைவீதியில் நின்று சொல்லிவிட்டார். சொன்ன சொல்லை மாற்றாதவர் என்று பெயர். யாரிடமும் வழி கேட்காதவர் என்றும் பெயர், அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

உள்ளே சந்தனமேரி காலையிலிருந்து பிரசவ வலியில் கிடந்தாள். லயத்துப் பிரசவங்களைப் பார்க்கும் இருதயம்மாள் வயிற்றைத் தடவிப் பார்த்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, அதற்கும் திசை தெரியவில்லை, குமுளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று சொல்லியிருந்தாள். ஜீப் பிடிக்கப் போன சென்னிமலை ஒரே குன்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். கூப்பிட்டால் அவன் பதில் வேறு குன்றிலிருந்து கேட்டது.

இருதயம்மாள் வெளியே வந்து, இது யார் வீடு, உள்ளே யார் கிடக்கிறாள் என்று கந்தப்பனிடம் சொன்னாள். அவர் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அதற்குப் பிறகு அவர் யோசிக்கவில்லை. தேங்காய்களைத் தள்ளிவிட்டார், அவை சரிவில் மேல்நோக்கி உருண்டு போயின. மருமகளை இருவருமாகத் தூக்கி வண்டியிலிருந்த வைக்கோலில் படுக்க வைத்தார்கள்.

பாதை இரண்டாகப் பிரியும் முதல் கவையிலேயே மாடுகள் நின்றுவிட்டன. இருதயம்மாள் இரண்டு கைகளாலும் இரண்டு பக்கமும் காட்டிவிட்டு அழுதாள். அன்று அந்த மலையில் வழி மாறாமல் இருந்தது சந்தனமேரிக்கு மட்டும்தான். ஏன் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. கந்தப்பன் இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு வைக்கோல் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"ஏனுங் அம்மிணி, எந்தப் பக்கமுங்க?"

"பலாமரத்துக்குக் கீழ போற பாதை, மாமா. மேல போனா ஓடை."

குமுளி வரைக்கும் ஒவ்வொரு கவையிலும் அவர் கேட்டார், வலிக்கும் வலிக்கும் இடையில் அவள் சொன்னாள். கடைசிக் கவையில் வழி நேராகத் தெரிந்தும் கேட்டார். பதில் வராமல் போய்விடுமோ என்ற பயம்தான் காரணம். பதில் வந்தது.

ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். பொழுது சாயும்போது சூரியன் அடங்க, குன்று சென்னிமலையை விட்டுவிட்டது. அவன் ஓடி வந்தபோது அப்பா குழந்தையை ஏந்திக்கொண்டு மேற்கே சூரியனைப் பார்த்துக் கும்பிடக் கை ஒழியாமல் தலையை மட்டும் குனிந்துகொண்டிருந்தார்.

"உன்ற ஊட்டுக்காரிதான் வழி சொன்னா," என்றார். "நானாப் பொறப்பட்டிருந்தா இங்க வந்திருக்கவே மாட்டேன்."

மலைச்சாலைகளில் சுற்றி அவர் ஊர் திரும்பப் பல நாள் பிடித்தது. கடைவீதியில் எல்லாரும் கூடி, ஒரு காலைப் பொழுதில் ஆனைமலை தாண்டியதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், வழி தப்பும் மாட்டை வைத்துக்கொண்டிருப்பது ஆபத்து, விற்றுவிடுங்கள் என்று மட்டும் யோசனை சொன்னார்கள். கந்தப்பனின் மனைவி முத்தாத்தாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாடு வழி தப்புலீங்க. நாங்கதான் மூணு வருசமாத் தப்பியிருந்தோம்."

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. பேத்திக்கு வெள்ளி அரைஞாணும் மருமகளுக்கு நெய்யும் எடுத்துக்கொண்டு, அவள் ஆனைக்கரைக்குப் போக அடுத்த பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிப்போனாள்.