கல்லாற்றுப் பெட்டியின் பன்னிரண்டாம் அத்தியாயம்

ராஜையன் ஒரு நாவல் எழுதினார். எழுதினவர் எழுதினதோடு நிறுத்தியிருக்கலாம். பெற்ற மகளிடமே வாசிக்கக் கொடுத்தார். வினை அங்கேதான் பிடித்தது.

மனுஷனுக்கு இது தொழிலும் அல்ல. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறவர். பூட்டு, தாழ்ப்பாள், கீல், ஆணி எது கேட்டாலும் திரும்பிப் பார்க்காமலே எடுத்துப் போடுவார். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். மலையாளம் பேசச் சொன்னால் இந்த ஊர்க்காரர்களே அசந்துபோகிற மாதிரி பேசுவார். வாசிக்கச் சொன்னால் மட்டும் பஸ் போர்டோடு சரி.

நாவல் ஆசை வந்தது மகள் பிரிஸில்லாவால். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சபைக் கன்வென்ஷனில் போட்டிருந்த தமிழ்ப் புத்தகக் கடையில் அரைமணி நேரம் புரட்டிவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"இதெல்லாம் ஒண்ணு கொச்சுப் பிள்ளையளுக்கு, இல்லேன்னா அம்மாமாருக்கு. எனக்குள்ளது எங்கப்பா?" என்றாள்.

ராஜையனுக்கு அது சுருக்கென்று தைத்தது. உண்மைதானே. முயலும் சிங்கமும் பேசினால் வாயைப் பிளக்கிற வயசைப் பிள்ளை தாண்டிவிட்டாள். கல்யாணமும் கண்ணீருமாகப் போகிற கதைக்கு இன்னும் வயசு வரவில்லை. நடுவில் நிற்கிறவளுக்கு ஒருத்தரும் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அப்படியானால் நானே எழுதுகிறேன் என்று நீள நோட்டு ஒன்று வாங்கினார். ஒன்பது மாசம், கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எழுதினார்.

கதை, சும்மா சொல்லக்கூடாது, நல்ல கதைதான். பொன்முடி மலைக்குக் கீழே கல்லாறு. வேனலில் தண்ணீர் இறங்கினபோது பாறை இடுக்கில் ஒரு இரும்புப் பெட்டி தெரிகிறது. பெரிய பூட்டு. மரியபுஷ்பம் என்று பதினாலு வயசுப் பெண் அதைக் கண்டுபிடிக்கிறாள். யார் போட்டது, உள்ளே என்ன, ஏன் ஊரில் ஆளாளுக்கு அந்தப் பெட்டி தன்னுடையது என்கிறார்கள்? பன்னிரண்டு அத்தியாயத்துக்குத் திட்டம். பதினொன்று முடிந்தது, மரியபுஷ்பம் பெட்டி மூடியில் கை வைத்தாயிற்று.

ஆனால் ஒரு சங்கடம். ராஜையன் ஆசைப்பட்டு முதல் எட்டுப் பக்கமும் கல்லாற்றில் சூரியன் உதிப்பதை எழுதிவிட்டார். பொன் உருக்கி வார்த்தாற்போல, செம்பவளம் சிதறினாற்போல என்று போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. மரியபுஷ்பம் வருவது ஒன்பதாம் பக்கத்தில். அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு.

ஆகஸ்டில் பிரிஸில்லாவின் பிறந்தநாளுக்கு நோட்டைக் கொடுத்தார். "தேங்க்ஸ்ப்பா" என்று வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் படிப்பதெல்லாம் மலையாளம். வாய் நிறையத் தமிழ் பேசுவாள். தமிழ் எழுத்தைக் காட்டினால் வேதப்புத்தக வசனம் படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வருவாள். மூன்றாம் பக்கம் வரை வந்து அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்டை வைத்தாள். தினமும் காலையில் ராஜையன் யாருக்கும் தெரியாமல் நோட்டைத் திறந்து பார்ப்பார். ஒரு மாசம், இரண்டு மாசம். டிக்கெட் அசையவில்லை.

"என்ன மக்ளே, எதுவரை ஆச்சு?"

"சூரியன் இன்னும் உதிச்சிட்டு இருக்குப்பா" என்றாள் பிரிஸில்லா.

அன்றைக்கு மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பதினொண்ணையும் நீ வாசிக்காம பன்னிரண்டை நான் எழுத மாட்டேன், பாத்துக்க" என்று நோட்டைத் தூக்கி ஸ்டீல் அலமாரி உச்சியில் போட்டார். அவள் கொஞ்சமாவது முகம் வாடியிருக்கலாம். அவளோ தப்பித்தோம் என்று டியூஷனுக்குக் கிளம்பிவிட்டாள். அதுதான் வலித்தது. உலகத்தில் வேறு யாருக்காக அவர் எழுதினார்? நாவல் அச்சாக வேண்டும், பேர் வாங்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. இவள் ஒருத்தி வாசித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தப் பாடு.

இனி அவருடைய மனைவி சரசம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரமனையில் வீட்டு முன்னறையிலேயே தையல். வெட்டு என்றால் அவள் வெட்டுதான். சுரிதார் போட்டவளுக்கே நம்ம உடம்பா இது என்று தோன்றிவிடும். ஆனால் தேதி விஷயத்தில் அந்த அம்மாளைப் போல ஒரு பொய்க்காரியைப் பார்க்க முடியாது. எதைக் கேட்டாலும் "நாளைக்கு உறப்பா தாரேன், நிச்சயம்" என்பாள். அந்த நாளை வருவதற்குள் துணி கொடுத்த பிள்ளை ஒரு சுற்றுப் பெருத்துவிடும், மறுபடியும் அளவெடுக்க வேண்டிவரும். கிறிஸ்துமஸ் சமயத்தில் முன்னறை பெஞ்சில் பெண்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சண்டை பிடிப்பது வருஷா வருஷம் நடப்பது.

அந்த வருஷம் டிசம்பரில் சண்டையைக் காணோம். ராஜையன் கவனித்தார். பிள்ளைகள் வந்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்தார்கள், தலையைக் குனிந்து எதையோ வாசித்தார்கள், துணியைக் கேட்காமலே எழுந்து போனார்கள். ஒருத்தி முந்தின நாள் சட்டை வாங்கிப் போனவள், மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். பரவாயில்லையே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை வந்துவிட்டதே என்று ராஜையன் மெச்சிக்கொண்டார். அவ்வளவுதான் அவருக்கு எட்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிஸில்லா கையிலும் அதைப் பார்த்தார். ஜியாகிரபி புத்தகத்துக்குள் ஒளித்து வைத்த கொஞ்சம் கோடு போட்ட தாள்கள். ஓரத்தில் நீல நூலால் மிஷின் தையல் ஓடியிருந்தது. அது அவர் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. தாள் முழுக்க மலையாள எழுத்து. பிள்ளை நகத்தைக் கடித்துக்கொண்டு வாசிக்கிறாள். அம்மா மூன்று தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை.

"என்னத்த வாசிக்க?"

"கதைப்பா."

"யாரு எழுதினது?"

"பேர் போடல்ல. இசக்கிசெல்வி வாசிச்சிட்டுத் தந்தா."

"நல்லா இருக்கா?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

"அடிபொளி" என்றாள் பிரிஸில்லா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே. பிரமாதம் என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சு.

ராஜையனுக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. எவனோ ஒரு மலையாளத்தான், பேர்கூடப் போடத் துணிச்சல் இல்லாதவன், நாலு தாளில் என்ன எழுதிவிட்டான்? அப்பன் ஒன்பது மாசம் உட்கார்ந்து எழுதினதில் மூன்று பக்கம் தாண்டாதவள் இதை நகம் கடித்துக்கொண்டு வாசிக்கிறாளே. சனிக்கிழமை கடையில் ஆணி கேட்டவருக்குத் திருகாணியை எடுத்துப் போட்டார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்டாயிற்று. முன்னறையில் சரசம்மா மிஷினில் உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துமஸ் நெருக்கடியில் ஓய்வுநாள் எல்லாம் பார்க்க முடியாது. பெஞ்சில் இரண்டு பேர். ஒருத்தி இசக்கிசெல்வி, அவள் அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். இன்னொருத்தி ஸ்ரீவராகம் அக்ரகாரத்துக் கௌசல்யா, காலேஜில் பிரீடிகிரி படிக்கிறவள். நடுவில் பிரிஸில்லா. மூன்று தலையும் ஒரே தாளுக்கு மேல் கவிழ்ந்திருந்தன.

ராஜையனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"வாசி மக்ளே. உரக்க வாசி. அப்பிடி என்ன பெரிய கதைன்னு நானும் கேக்கட்டு" என்று எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குற்றம் கண்டுபிடிக்கக் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார், பொய் சொல்வானேன்.

பிரிஸில்லா திக்காமல் கடகடவென்று வாசித்தாள்:

"எல்லோரும் பூட்டையே பார்த்தார்கள். அவ்வளவு பெரிய பூட்டு. அதனால் பின்பக்கம் இருந்த கீலை யாரும் பார்க்கவில்லை. மரியபுஷ்பம் பெட்டியைப் புரட்டிப் போட்டாள். சாவி எதற்கு, ஒரு திருப்புளி போதுமே என்றாள்."

ராஜையன் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்தார்.

"இது தமிழ்ல்லா" என்றார்.

"தமிழ்தான்ப்பா. எழுத்துதான் மலையாளம். எங்களுக்கு வாசிக்க எளுப்பமா இருக்கு."

தமிழ்தான். எந்தத் தமிழ் என்றுதான் அவருக்குத் தெரியுமே. அந்தத் திருப்புளியை அவர் ஒரு செவ்வாய்க்கிழமை எழுதினார். கீல் வாங்க வந்தவர் எதை எடுக்க என்று யோசித்துக்கொண்டு நின்றபோது எழுதினார். மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். மிஷின் நின்றிருந்தது. சரசம்மா ஊசியில் நூல் கோப்பதுபோல ரொம்ப மும்முரமாகக் குனிந்திருந்தாள். ஊசியிலோ நூல் கோத்தே இருந்தது.

"மக்ளே, இதுல முதல் அத்தியாயம் எப்பிடித் தொடங்குது?"

"ஆத்துல பெட்டி தெரியதுலதான்" என்றாள் இசக்கிசெல்வி.

"சூரியன் எங்க?"

"எந்தச் சூரியன்?" என்று மூன்று பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

சரசம்மா நிமிர்ந்தாள். "நான்தான் வெட்டினேன். இஞ்ச பாருங்க, உடம்புக்குத் தக்கனதான் துணிய வெட்டணும். எட்டுப் பக்கம் சூரியன் இந்தப் பிள்ளையளுக்கு லூசு. பிடிச்சுத் தச்சேன். அவ்வளவுதான்."

விஷயம் ஒவ்வொன்றாக வந்தது. அலமாரி உச்சியிலிருந்து நோட்டை எடுத்தவள் சரசம்மா. பிரிஸில்லா டியூஷன் போகிற நேரத்தில் தைத்துக்கொண்டே வாசித்துச் சொல்வாள். துணிக்குக் காத்திருக்கிற கௌசல்யா தனக்குத் தெரிந்த மலையாள எழுத்தில் எழுதுவாள். முடிந்ததும் சரசம்மா நோட்டைப் பழைய இடத்தில், பஸ் டிக்கெட்டை அதே மூன்றாம் பக்கத்தில் வைத்துவிடுவாள். துணி தைத்து முடியாத நாளெல்லாம் பெஞ்சில் ஒரு அத்தியாயம் வைப்பாள்.

"ஊர்ல தெரிஞ்சவா ஒருத்தர் எழுதினதுன்னேளே ஆன்ட்டி" என்றாள் கௌசல்யா.

"தெரிஞ்சவர்தானே" என்றாள் சரசம்மா. பிறகு புருஷனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா எழுதினதுன்னு சொன்னா இவ தொடமாட்டா. வெட்டினேன்னு சொன்னா நீங்க விடமாட்டிய. பின்ன நான் என்ன செய்யட்டு?"

ராஜையனுக்குக் கோபம் வரத்தான் செய்தது. எட்டுப் பக்கம் அல்லவா, செம்பவளம் எல்லாம் போயிற்றே. ஆனால் எதிரே மூன்று பிள்ளைகள் தாளை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களைப் பார்த்துக்கொண்டு எங்கே கோபப்பட?

பிரிஸில்லா மட்டும் நம்பவில்லை. "சும்மா. அப்பா எழுதினதா? அதுல ஒருத்தருமே வரல்லையே, வெறும் சூரியன்லா?"

"ஒம்பதாம் பக்கத்துல வருவா" என்றார் ராஜையன் பரிதாபமாக.

அவள் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். அலமாரி உச்சியைப் பார்த்தாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். ஆணியும் கீலும் விற்கிறவர் மகளுக்குத் திருப்புளி கண்ணில் பட அவ்வளவு நேரம் ஆகவில்லை. முகம் மெல்லச் சிவந்தது.

"அப்போ பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாம? சொல்லட்டா?" ஒரு வருஷத்துக்கு மேலாக நெஞ்சுக்குள் வைத்திருந்த ரகசியம். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ராஜையன் முன்னால் குனிந்தார். "பெட்டியத் திறந்தா உள்ள ஒரு..."

பிரிஸில்லா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். "சொல்லாதீங்கப்பா. எழுதித் தாங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் கையை எடுத்த பிறகு கேட்டார்: "பதினொண்ணும் வாசிச்சியா?"

"ரெண்டு தடவை."

ராஜையன், மூன்று பெண்பிள்ளைகளுக்கு முன்னால் அழுதுவைக்கக் கூடாதே என்று ஸ்டூலைத் தேடுகிற சாக்கில் உள்ளே போனார். அலமாரி உச்சியிலிருந்து நோட்டை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டு வந்தார். திறந்ததும் பஸ் டிக்கெட் கீழே விழுந்தது. பிரிஸில்லா குனிந்து எடுத்தாள். பதினொன்று முடிகிற இடத்தைத் தேடி, அதற்கு அடுத்த வெற்றுப் பக்கத்தில் அதை வைத்து நோட்டை அப்பாவிடம் நீட்டினாள்.

"சூரியன் வரப்பிடாது, கேட்டியளா" என்றாள் சரசம்மா மிஷினிலிருந்து.

"ஒரே ஒரு வரி?"

"ஒரு வரின்னா வரட்டு."

கோயிலுக்குப் போன வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே ராஜையன் எழுத உட்கார்ந்தார். சரசம்மா நூலை அறுத்து, தைத்து முடித்த சுரிதாரை இசக்கிசெல்வியிடம் கொடுத்தாள். சொன்ன தேதிக்குச் சொன்னபடி, அந்த வீட்டில் முதல் தடவையாக. இசக்கிசெல்வி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து வசதியாக உட்கார்ந்தாள்.