நானூறாவது அட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த வீட்டின் முகவரியை இந்தக் கதையில் எங்கேயும் எழுதப்போவதில்லை. ஒரு தடவை எழுதிப் பட்டது போதும்.

பிட்ஸ்பர்க்கில் ஒரு மேட்டில் இருக்கிறது. இவ்வளவுதான் உங்களுக்கு. நாங்கள் அதைச் சலவைக்கடை என்போம், நிலவறையில் இரண்டு பழைய துணி துவைக்கும் மெஷின்கள் செத்துக் கிடப்பதால். அவற்றின் மேல்தான் ஸ்பீக்கர்களை ஏற்றி வைப்போம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு, அங்கே ஹார்ட்கோர் என்கிற முரட்டு ராக் கச்சேரி நடக்கும். பாட்டு ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். அதற்குள் தொண்டை கிழியக் கத்தி, டிரம்ஸை நொறுக்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட வேண்டும். எழுபது பேர் நெருக்கியடித்து நின்றால் சுவரெல்லாம் வியர்க்கும். அதனால்தான் இந்தக் கச்சேரிகளுக்காக நான் நடத்தும் சின்னப் பத்திரிகைக்கு 'ஈரச் சுவர்' என்று பெயர் வைத்தேன்.

வீட்டை வாடகைக்கு எடுத்திருப்பவள் கோரா யான்சி. வயது நாற்பத்தொன்று. வாரநாளில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள், ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸ் அடிப்பாள். பதினாறு வருஷமாக என் சிநேகிதி. விவாகரத்துக்குப் பிறகு அவள் தனக்கென்று பிடித்துக்கொண்ட ஒரே இடம் அந்த வீடுதான்.

எங்கள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கச்சேரி நோட்டீஸில் தேதி போடலாம், நேரம் போடலாம், எந்தெந்தக் குழு என்று போடலாம். முகவரி மட்டும் போடக் கூடாது. 'இடம்: தெரிந்தவர்களைக் கேட்கவும்' என்றுதான் இருக்கும். வர விரும்புகிறவன் ஒருவரிடம் நேரில் கேட்டு வர வேண்டும். யாரிடம் கேட்டான் என்பதை அவனும் வெளியே சொல்லக் கூடாது. இதெல்லாம் விளையாட்டு இல்லை, குடியிருக்கிற வீட்டில் கச்சேரி நடத்த நகராட்சி அனுமதி கிடையாது. போன வருஷம் எவனோ ஒரு அதிமேதாவி இன்னொரு வீட்டின் முகவரியை இணையத்தில் போட்டான். பத்தே நாளில் நகராட்சி ஆய்வாளர் வந்தார், அதற்கடுத்த வாரம் வீட்டுக்காரர் வந்தார், அங்கே குடியிருந்த ஐந்து பேரும் மூட்டை கட்டினார்கள்.

இதைப் பற்றித்தான் ஈரச் சுவரின் புது இதழில், மூன்றாம் பக்கத்தில் நான் தலையங்கம் எழுதியிருந்தேன். ஒரு பக்கம் முழுக்க, கொட்டை எழுத்தில், எங்கள் கட்டுப்பாடுகளை ஒன்றுவிடாமல் போட்டு, ஊரையே வைதிருந்தேன். முகவரி எழுதுகிற கை அழுகிப்போகட்டும் என்றுகூட ஒரு வரி இருந்தது.

அந்த இதழின் அட்டையைச் செய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. நான் கம்ப்யூட்டரில் வடிவமைப்பதில்லை. கத்தரி, பிளேடு, பசை, ஜெராக்ஸ் மெஷின், இவ்வளவுதான். எங்கள் மாதிரி ஆட்கள் எந்தக் காகிதத்தையும் குப்பையில் போட மாட்டோம். அதிலும் வங்கிக்காரர்கள் அனுப்புகிற உறை இருக்கிறதே, உள்ளே இருப்பது வெளியே தெரியாமலிருக்க உட்புறம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு அச்சடித்திருப்பார்கள், அது எங்களுக்குப் பொக்கிஷம். அப்படி ஒரு உறை கோராவின் சமையலறை மேஜையில் கிடந்தது. கிளீவ்லாண்ட் குழு ஒன்று கேசட் வைத்து அனுப்பியது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அதைப் பிரித்து, உட்புறத்தை ஜெராக்ஸ் கண்ணாடியில் கவிழ்த்து, நான்கு மடங்கு பெரிதாக்கி, கருமையை முழுக்க ஏற்றி எடுத்தேன். கோடுகளுக்கு நடுவே எங்கிருந்தோ தடித்த கருப்புக் கீறல்கள் வந்து விழுந்திருந்தன. ஆகா, என்ன அழகு! கரடி பிறாண்டிய மாதிரி. அதன் மேல் கோராவின் டிரம்ஸ் படத்தை ஒட்டினேன். இந்தப் பத்து வருஷத்தில் இப்படி ஒரு அட்டையை நான் செய்ததே இல்லை என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். நானூறு பிரதி போட்டாயிற்று.

வியாழக்கிழமை மதியம். நான் வேலை பார்ப்பது ஒரு பல் ஆஸ்பத்திரியில், டாக்டருக்கு உதவியாளராக. சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவப் போனேன். ஒரு பிரதி என் அக்குளில் இருந்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன்.

கண்ணாடியில் அட்டை பேசியது. கோரா யான்சி. கதவு எண். தெருப் பெயர். தபால் எண் உட்பட.

கரடி பிறாண்டவில்லை. கிளீவ்லாண்ட்காரன் தடித்த மார்க்கரால் உறையின் வெளிப்பக்கம் எழுதிய முகவரி, காகிதத்தில் ஊறி, உள்பக்கம் இடவலமாகத் தெரிந்திருக்கிறது. நாள் முழுக்கச் சின்னக் கண்ணாடியை வைத்து ஊரார் வாயைப் பார்க்கிறவள் நான். மூன்று வாரம் அதன் மேலேயே கவிழ்ந்து கிடந்தும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கண்ணாடியையே உடைத்திருப்பேன்.

ஸ்டாவ்ரோஸுக்குப் போன் செய்தேன். பத்திரிகைக்கு மடிப்பதும் ஸ்டேப்ளர் அடிப்பதும் அவன்தான். பேக்கரியிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்தான்.

"விடு ரெனி, யாரு இதைக் கண்ணாடி முன்னாடி புடிச்சுப் படிக்கப் போறா?"

"நான் படிச்சேனே!"

"நீ கிறுக்கு. மத்தவங்க அப்படியா?"

"ஒருத்தன் படிச்சாப் போதும்டா. கோரா தெருவுல நிப்பா."

"சரி, அப்ப இணையத்துல ஒரு அறிவிப்பு போட்ருவோம். அட்டையில தப்பு, எல்லாரும் திருப்பிக் கொடுங்கன்னு."

"போடு. போட்டவுடனே ஊர்ல இருக்கறவன் எல்லாம் என்ன தப்புன்னு அட்டையத் தலைகீழா, குறுக்கா, கண்ணாடியிலன்னு திருப்பித் திருப்பிப் பாப்பான். நீயே பாப்ப."

அவன் யோசித்துப் பார்த்துவிட்டு, "பாப்பேன்," என்றான்.

வீட்டுப் பெட்டிகளில் முந்நூற்றறுபது இருந்தன. மீதி நாற்பதை வெண்டலின் இசைத்தட்டுக் கடையில் செவ்வாய்க்கிழமையே வைத்திருந்தேன். முதலில் கோராவிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் சமாளித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன், அதையும் ஒளிக்கவில்லை. ஆனால் பதினாறு வருஷம் என்பது பதினாறு வருஷம்.

கோரா பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். அட்டையையும் ஒரு கைக்கண்ணாடியையும் கொடுத்தேன். பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"மூணாம் பக்கத்துல என்னமோ கை அழுகணும்னு எழுதியிருந்தியே," என்றாள்.

"ஆமா."

"இன்னும் அழுகலையா?"

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"திட்டணும்னுதான் இருக்கு. திட்டிக்கிட்டு இருக்க நேரமில்ல. இங்க பாரு, ரெனி. ஞாயித்துக்கிழமை ரெண்டு மணிக்குள்ள நானூறும் என் கண்ணுக்கு முன்னாடி இருக்கணும். முந்நூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னு வந்து நிக்காத. ஒண்ணு குறைஞ்சாலும் கச்சேரி கிடையாது. இந்த மாசம் மட்டும் இல்ல, இனி எப்பவுமே. கதவப் பூட்டிருவேன். எனக்கு இன்னொரு வீடு தேட உடம்புல தெம்பு இல்லடி."

"கொண்டு வர்றேன்."

"எப்படி?"

"கேட்டுக் கேட்டுத்தான்."

நிலவறைச் சுவருக்கு அடித்த கருப்புப் பெயின்ட் அரை டப்பா மிச்சமிருந்தது. அதையும் பட்டைப் பிரஷ்ஷையும் தூக்கிக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, நானும் ஸ்டாவ்ரோஸும் முந்நூற்றறுபது அட்டைகளிலும் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தோம். முதல் பத்து அட்டைக்கு எனக்கு அழுகை வந்தது. என் வாழ்நாளின் நல்ல அட்டைக்கு என் கையாலேயே தார் பூசினேன். பிறகு கை பழகிவிட்டது. வீடு முழுக்கக் கயிறு கட்டித் துணி மாதிரி காயப் போட்டோம்.

வெண்டல் கடையில் இருபத்தொன்பது மிச்சமிருந்தன. பதினொன்று விற்றுவிட்டது. வெண்டலுக்கு வாடிக்கையாளர் பெயர் ஞாபகம் இருக்காது. யார் என்ன இசைத்தட்டு வாங்கினார்கள் என்பது மட்டும் சாகும் வரை மறக்காது.

"பச்சை உறை போட்ட தட்ட வாங்கினவன் ஒருத்தன். அவன் மூக்கு வளையம் போட்டவன்."

"வெண்டல், இந்த ஊர்ல மூக்கு வளையம் போடாதவன் யாரு?"

"சைக்கிள் ரிப்பேர் பண்ணுவான்மா, பாலத்துக்குக் கீழ."

இப்படித்தான் தொடங்கியது. சைக்கிள்காரன் கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தான். நல்ல அட்டை என்று வேறு பாராட்டினான். காசைத் திருப்பிக் கொடுத்து, பெயின்ட் அடித்த பிரதியை அப்புறம் தருவதாகச் சொல்லி, பழையதைப் பிடுங்கிக்கொண்டேன். காரணம் கேட்டான். அச்சுத் தப்பு என்றேன். அவன் காட்டிய ஆள் வீட்டில் பிரதி ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தது. அந்த ஆள் காட்டிய ஆள் இரண்டு வாங்கியிருந்தான், ஒன்று தனக்கு, ஒன்று பத்திரப்படுத்த. இரண்டையும் கொடுக்க மாட்டேன் என்று அரை மணி நேரம் அடம் பிடித்தான். அவன் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி எடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

மார்லிஸ் என்ற பெண் வாங்கிய பிரதிதான் பெரிய சிக்கல். அவளும் நோட்டீஸ் வடிவமைப்பவள். நான் போனபோது என் அட்டையை ஏற்கெனவே துண்டு துண்டாக வெட்டி, தன் குழுவின் கச்சேரி நோட்டீஸில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் கீறல் சூப்பரா இருக்கு ரெனி. அப்படியே சுட்டுட்டேன், கோவிச்சுக்காத."

அவள் ஒட்டியிருந்தது கதவு எண்ணும் தெருப் பெயரும் இருந்த துண்டு. இன்னும் ஒரு மணி நேரத்தில் இருநூறு நோட்டீஸாக ஆகியிருக்கும். பிளேடால் நானே உரித்து எடுத்தேன். குப்பைக் கூடையைக் கொட்டி மற்றத் துண்டுகளையும் பொறுக்கினேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள், நினைத்துக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை மாலைக்குள் பத்து வந்துவிட்டன. பதினொன்றாவது மட்டும் வரவில்லை.

"அந்த ஆள எனக்குத் தெரியாது," என்றார் வெண்டல். "அம்பது வயசு இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. தட்டு எதுவும் வாங்கல. உன் பத்திரிகைய மட்டும் எடுத்து, அட்டையவே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் வாங்கிட்டுப் போய்ட்டான்."

இஸ்திரி போட்ட சட்டை. எங்கள் கூட்டத்தில் இஸ்திரிப் பெட்டி வைத்திருப்பவர்கள் யாரும் இல்லை. நகராட்சி அலுவலகத்தில் உண்டு.

ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து தெருத் தெருவாக அலைந்தேன். காப்பிக் கடை, சர்ச் வாசல், பஸ் நிறுத்தம், ஒன்றும் விடவில்லை. இஸ்திரிச் சட்டை போட்ட ஐம்பது வயசுக்காரர்கள் அன்றைக்கென்று ஊர் முழுக்க இருந்தார்கள். நான்கு பேரை நிறுத்தியே கேட்டேன். ஒருவர் பிச்சை என்று நினைத்துச் சில்லறை நீட்டினார்.

ஒன்றே முக்காலுக்குப் பெட்டிகளோடு சலவைக்கடைக்குப் போனேன். வாசலில் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். கோரா வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாக எண்ணினாள். மார்லிஸின் துண்டுகளைக்கூட மேஜையில் சேர்த்து வைத்து ஒரு முழுப் பிரதி என்று ஒப்புக்கொண்டாள். டிரம்ஸ் இன்னும் பையைவிட்டு வெளியே வரவில்லை. மடியில் சாவி இருந்தது.

"முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது," என்றாள்.

"தெரியும்."

"நான் என்ன சொன்னேன்?"

"தெரியும் கோரா. கதவப் பூட்டிக்கோ. ஆனா நான் தேடறத நிறுத்த மாட்டேன். நாளைக்கும் தேடுவேன். கிடைக்கற வரைக்கும் தேடுவேன்."

அவள் முகம் இளகவில்லை. எனக்கும் இளக வேண்டும் என்று தோன்றவில்லை, தப்பு என்னுடையது. அவள் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்போது கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. இஸ்திரி போட்ட சட்டை படியேறி வந்தது.

ஸ்டாவ்ரோஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த மனிதர் கையில் ஈரச் சுவர் இருந்தது.

"இந்தப் பத்திரிகை போடறது யாருங்க?" என்றார்.

"நான்தான்."

"அட்டையக் கொஞ்சம் கெடுத்துட்டேன். கோவிச்சுக்காதீங்க."

வாங்கிப் பார்த்தேன். எழுத்துகளை மட்டும் வெள்ளை மையால் அடைத்து, அதன் மேல் கருப்புப் பேனா ஓட்டியிருந்தார். நான் இழுத்த மாதிரி தார்ப் பூச்சு இல்லை. உறையின் கோடுகள் ஒவ்வொன்றையும் அந்தக் கீறல்கள் மேலேயே தொடர்ந்து வரைந்து, ஒரு கோடுகூட அறாமல் சேர்த்திருந்தார். கண்ணாடியில் பிடித்தாலும், வெளிச்சத்தில் பிடித்தாலும், ஒரு எழுத்தும் தெரியாது. டிரம்ஸ் படத்தைச் சுற்றி வெறும் கோடுகள்தான் அலை அலையாக ஓடின. என் நானூறு அட்டைகளில் அது ஒன்றுதான் நல்ல அட்டை. சொல்லவே வயிறு எரிகிறது, ஆனால் உண்மை.

"நான் கடைக் கண்ணாடியில பேரு எழுதறவன்," என்றார். "உள்பக்கமா நின்னு இடவலமா எழுதியே முப்பது வருஷம் போச்சு. இப்படி எழுதினாத்தான் எனக்கு நேரா தெரியும். கடையில எடுத்தவுடனே படிச்சுட்டேன். அப்புறம் மூணாம் பக்கத்தப் படிச்சேன். இவ்வளவு கோவமா எழுதினவங்க வேணும்னு பண்ணியிருக்க மாட்டாங்கன்னு தோணுச்சு."

கோரா அட்டையை என் கையிலிருந்து வாங்கினாள். வெயிலில் தூக்கிப் பார்த்தாள். கைக்கண்ணாடியில் பார்த்தாள். பிறகு அதைக் கட்டின் மேல் வைத்தாள்.

"நானூறு," என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "அடுத்த அட்டைய இவரு பண்ணட்டும். நீ போய்ப் பல்லு புடுங்கு," என்றாள். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, டிரம்ஸ் பையைத் தூக்கித் தோளில் மாட்டி, நிலவறைப் படியில் இறங்கினாள். அவள் பின்னால் கூட்டம் இறங்கியது.

அவர் மட்டும் வாசலிலேயே தயங்கி நின்றார்.

"உள்ள வாங்க," என்றேன். "அதான் வழி தெரிஞ்சு வந்துட்டீங்களே."

"அட்டையப் பாத்து வரலீங்க. அது நான் படிச்சிருக்கக் கூடாதது. ஒருத்தரக் கேட்டுத்தான் வந்தேன்."

"யாரக் கேட்டீங்க?"

கீழே முதல் அடி விழுந்தது. வராந்தாப் பலகை அதிர்ந்தது. அவர் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்:

"அதச் சொல்லக் கூடாதுன்னு மூணாம் பக்கத்துல போட்டிருக்கீங்களே."