இரண்டு சுற்று

மனித குலத்தைக் கரை சேர்த்தது வேகம் அல்ல. சரியான இடத்தில் நிற்கத் தெரிந்த ஞானம்தான். புதன்கிழமை மாலை தமது திவானியாவில், நண்பர்கள் பதினோரு பேர் சாய்ந்திருந்த கூடத்தில், அபூ மிஷாரி நெஞ்சில் கைவைத்து இப்படி அறிவித்தார். கேட்டவர்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்கள். வாசல் தூணுக்கு மட்டும் அந்த ஞானம் இன்னும் எட்டவில்லை. போன மாதம் அவர் வண்டியைப் பின்னால் எடுத்தபோது பட்ட இடியில் சிமெண்டு உதிர்ந்து, கம்பி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

அவருடைய இரண்டு கதவு ஜப்பான் காருக்கு பிரேக் மாற்ற முடிவுசெய்த நாளிலிருந்து திவானியாவில் வேறு பேச்சில்லை. இத்தாலியிலிருந்து வந்த, சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் சிவப்புக் காலிப்பர்களில் ஒன்றைப் பேரீச்சம்பழத் தட்டில் வைத்து, குழந்தையைக் காட்டுவதுபோல ஒவ்வொருவர் மடியிலும் வைத்துக் காட்டினார்.

"பின் சக்கரத்துக்கு?" என்றார் ஒருவர்.

"பின்னாடிய எவன் பாக்கப் போறான்?"

இதையேதான் ஷுவைக் பட்டறையில் கரபேத்திடமும் சொன்னார். கரபேத் அலெப்போவிலிருந்து வந்த ஆர்மீனியர். இருபது வருடமாகக் குவைத்தின் பணக்காரக் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடப்பவர். "முன்னாடி மட்டும் பெருசா போட்டா, மிதிச்சதும் முன் சக்கரம் பூட்டிக்கும், பின்னது ரெண்டும் விருந்தாளி மாதிரி சும்மா உருண்டு வரும். இப்ப நிக்கறதவிட அஞ்சு மீட்டர் தள்ளித்தான் நிப்பீங்க, அபூ மிஷாரி," என்றார். "அதுக்காகப் பின்னாடி அதிகமா குடுத்தாலும் கெட்டுச்சு. வாலு முன்னாடி வந்துடும்."

அபூ மிஷாரி அப்போது தொலைபேசியில் இருந்தார். கேட்டுக்கொண்டவள் மகள் லுல்வா. அந்தக் காரை ஓட்டப்போகிறவளும் அவள்தான். மூத்தவள் அவள் என்றாலும், 'மிஷாரியின் அப்பா' என்று பொருள்படும் அப்பாவின் பெயரில் இருப்பது தம்பி மிஷாரி. மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுப்பவன். பின் சக்கரங்களுக்கு ஏற்ற டிஸ்க்குகளைப் போட்டு, பின்பக்கம் போகும் பிரேக் எண்ணெயைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வால்வையும் வைத்தார் கரபேத். ஓட்டுநர் இருக்கையின் வலப்புறம், கைக்கெட்டும் தாழ்வில், அதன் கறுப்புக் குமிழ். மூன்று வெள்ளிக்கிழமைகள் அவரும் லுல்வாவும் ஜஹ்ராவுக்கு அப்பால் ஆளில்லாத தரையில் அதற்காகவே செலவழித்தார்கள். நூறில் வருவாள், மிதிப்பாள், இறங்கி நான்கு டிஸ்க்கின் சூட்டையும் அளப்பாள், குமிழைக் கால் சுற்று திருப்புவாள், மறுபடி நூறு. நாற்பத்தோரு முறை. கடைசியில், முழுக்க மூடிய நிலையிலிருந்து ஏழு சுற்று என்று முடிவாயிற்று. கரபேத் குமிழின் உச்சியில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, "இதுக்கு மேல சாமியே வந்தாலும் தொடக் கூடாது," என்றார். அவர்கள் பேச்சிலிருந்து 'சமநிலை' என்ற ஒரு சொல்லை மட்டும் அபூ மிஷாரி பொறுக்கிக்கொண்டு போய்த் திவானியாவில் ஒரு வாரம் செலவு செய்தார்.

பஹ்ரைன் கார் பந்தயத்துக்கு லுல்வாவின் கிளப்பில் இருந்தது ஒரே ஓர் இடம். வெள்ளிக்கிழமைத் தேர்வில் யார் முந்துகிறார்களோ அவருக்கு. "ஒரு வாய்ப்பு," என்று அப்பா விரலைத் தூக்கியிருந்தார். "தவறிச்சின்னா சாவி மிஷாரிக்கு. அப்புறம் எங்கிட்ட அழக் கூடாது." லுல்வா அழுகிற ஜாதி இல்லை. மூன்று வருடச் சம்பளத்தை டயராகவே தேய்த்தவள்.

வியாழன் மதியம் கிளப்பின் புகைப்படக்காரர் வீட்டுக்கு வந்தார். லுல்வா வேலையிலிருந்து திரும்பவில்லை. கஞ்சி மொடமொடக்கும் வெள்ளை அங்கியோடு அபூ மிஷாரியே ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். அது மகளின் அளவுக்குச் செய்த இருக்கை. ஸ்டியரிங் வயிற்றில் பதிந்து மூச்சு முட்டியது. ஆனாலும் படம் நன்றாக வந்தது. மாலைக்குள் இணையத்தில் நானூறு பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள்.

வெள்ளி மாலை, லுல்வா பெல்ட்டைப் பார்த்தாள், டயர் காற்றைப் பார்த்தாள், குமிழைப் பார்த்தாள். மஞ்சள் கோடு உச்சியில் நின்றது. முதல் இரண்டு வளைவுகளில் எல்லோரையும்விட ஒரு விநாடி முன்னே இருந்தாள். நீள்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தாள். கார் நிற்கவில்லை, திரும்பியது. பின்பக்கம் முன்னே ஓடிவந்து, இரண்டு முறை சுழன்று, டயர்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வந்த வழியையே பார்த்து நின்றது. அவளுக்குக் காயமில்லை.

"வீட்டுக்குப் போற வழிய பாக்குது போல!" என்றது பார்வையாளர் வரிசையில் ஒரு குரல். திவானியாக் கூட்டம் மொத்தமும் அபூ மிஷாரியின் முகத்தைப் பார்த்தது.

"பிரேக்குல குறை இல்ல," என்றார் அவர், நிதானமாக. "கால்லதான்."

தலைகள் ஆடின. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு லுல்வா பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"யுபா, நான் எப்பவும் மிதிக்கிற மாதிரிதான் மிதிச்சேன்," என்றாள் அப்பாவிடம்.

"விடும்மா. எல்லாருக்கும் எல்லாம் வராது."

சனிக்கிழமை கரபேத் இருவரையும் பட்டறைக்குக் கூப்பிட்டார். குமிழை மெல்லத் திருகி மூடிக்கொண்டே வாய்விட்டு எண்ணினார். ஏழில் நிற்க வேண்டியது எட்டுக்குப் போயிற்று. ஒன்பதில் நின்றது.

"முழுசா ரெண்டு சுத்து. அதான் கோடு பழைய இடத்துக்கே வந்து நின்னுருக்கு. பொண்ணு என்ன பண்ணும்? பின் சக்கரத்துக்கு அவ்ளோ போனா வால் சுத்தாம என்ன செய்யும்?" துணியில் கை துடைத்தார். "தானா திரும்பாது இது. சாயங்காலத் தொழுகைக்குள்ள கிளப்புக்கு எழுதிக் குடுத்தா மறுபடி ஓட்ட விடுவாங்க. கேட்டுட்டேன். யாரு திருப்பினாங்கன்னு மட்டும் கையெழுத்துப் போடணும்."

அபூ மிஷாரியின் வலது கட்டைவிரலுக்கு அந்தக் குமிழின் சொரசொரப்பு நன்றாக நினைவிருந்தது. மணி நாலு. வாயைத் திறந்தார். மனக்கண்ணில் திவானியாவின் பதினோரு முகங்களும் தேநீரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தன.

"இவளே திருப்பியிருப்பா," என்றார். "பயத்துல."

கரபேத் சுத்தமாக இருந்த ஒரு ஸ்பேனரை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

லுல்வா தொலைபேசியை எடுத்தாள். நானூறு இதயம் வாங்கிய படத்தை இரண்டு விரலால் விரித்தாள். வெள்ளை அங்கி, புன்னகை, ஸ்டியரிங்கின் மேல் இடக்கை. வலது முழங்கை மடங்கி, கை இருக்கையின் ஓரமாகக் கீழே போயிருந்தது. அதை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"எதுக்கு யுபா திருப்புனீங்க?"

அவர் படத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பின் சக்கரத்துக்கு இன்னும் கொஞ்சம் தேவை என்று என் அனுபவத்தில் பட்டது என்று சொல்லலாம். திவானியாவில்கூட அது செல்லும். ஆனால் உண்மை அதுவும் இல்லை.

இருக்கையைப் பின்னால் சாய்க்கும் திருகு என்று நினைத்துத்தான் அதைத் திருப்பினார்.