மதியம் நிற்காத சர்வர்

என் அக்காவின் கேக் கடைக்கு வாசல் கிடையாது. வலைத்தளம்தான் வாசல். அக்கா வீட்டுச் சமையலறையில் கேக் செய்வாள், அவள் கணவர், என் மாமா, வேனில் கொண்டுபோய்க் கொடுப்பார். தளத்தை ஓட்டும் சர்வர் என் பொறுப்பு. சம்பளம், வெட்டி எடுத்த கேக் ஓரங்கள்.

அந்த சர்வர் மென்பொருள் அரதப் பழசு. தினமும் மதியம் நினைவகம் நிரம்பி, தளம் அப்படியே நின்றுவிடும். அக்கா ஒரு பட்டனை அமுக்கினால் மறுபடி ஓடும். "சரியா வேலை செய்யலேன்னா மாத்திடணும்," என்று மாமா என்னைப் பார்த்தே சொல்வார். சர்வரைத்தான் சொல்கிறார் என்று நம்பிக்கொள்வேன்.

கடைசியில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தளத்தை நகலெடுத்து, புதிய பதிப்பில் ஓடவிட்டு, பொய் ஆர்டர்களாகப் போட்டுப் பார்த்து, ஒரு ஞாயிறு காலை மாற்றிவிட்டேன். திங்கள் மதியம் தளம் நிற்கவில்லை. செவ்வாயும் நிற்கவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமா முதன்முறையாக ஓரம் வெட்டாத முழுக் கேக்கை என் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை போனபோது அக்கா முழங்கைவரை க்ரீமோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். முகம் வாடிக் கிடந்தது. போனை வைத்ததும் என்னிடம் திரும்பினாள்.

"ஏண்டி, அந்தப் பழசையே திரும்பப் போட முடியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், இதுல என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. நிக்கவே மாட்டேங்குது. அது நின்னா ஆர்டர் வராது, போன் அடிக்காது. சாப்பிட்டுட்டு கொஞ்சம் காலை நீட்டுவேன். அப்புறம்தான் பட்டனை அமுக்குவேன்."

பட்டனை அமுக்கினால் ஒரு நிமிடத்தில் ஓட வேண்டிய பழைய சர்வர் ஏன் ஒரு மணி நேரம் நின்றே கிடக்கிறது என்று நான் மண்டையைப் பிய்த்துக்கொண்டதெல்லாம் இதற்குத்தான்! சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. எத்தனை பேர் வந்தால் சர்வர் திணறும் என்று கணக்குப் பார்த்த நான், இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மதியம் தளத்தை மூடிடறேன். பராமரிப்பு வேலைன்னு போட்டா மாமாவுக்குத் தெரியவே தெரியாது," என்றேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "வேண்டாம். உள்ளதையே போடு. கேக் செய்யறவங்க சாப்பிடப் போயிருக்காங்கன்னு."

போட்டேன்.

மறுநாள் மதியம் வேன் சீக்கிரமே வந்து நின்றது. மாமா, அந்த அறிவிப்பு தெரியும் போனும் கையுமாக உள்ளே வந்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"நான் வர்றதுக்கு முன்னாடியே நீ தினமும் சாப்பிட்டுடுவேன்னு நினைச்சேன்," என்றார் மாமா.

"ஒரு நாளாவது கேட்டீங்களா?"

தளம் மூடியிருந்தும் அக்காவின் போன் அடித்தது. மாமா அதை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

"சொல்லுங்க... க்ரீமா? என்ன க்ரீம்? ரெண்டு அடுக்குன்னா... ஒண்ணு மேல ஒண்ணா?"

நான் உதவப் போக எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, தட்டில் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.